தடுமாறும் இளம் வீரரை எப்போது டிரேட் செய்வது (வேறு அணிக்கு மாற்றிக் கொடுப்பது)?

காமெரிகா மூலை (டிராய், மிச்சிகன்)

வணக்கம். 2025 அக்டோபரில் எங்கள் டெட்ராய்ட் பேஸ்பால் அணி டைகர்ஸ் சியாட்டிலில் 15 இன்னிங்ஸ் ஆடித் தோற்றதிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. தனியாக யோசித்துத் தீரவில்லை, அதனால் இங்கே போடுகிறேன்.

2024 ஜூலையில் மகளைக் கூட்டிக்கொண்டு டோலிடோ போனேன். டைகர்ஸின் கீழ்நிலை (மைனர் லீக்) அணியான மட் ஹென்ஸின் ஆட்டம். ஸ்பென்சர் டோர்கல்சனைப் பார்ப்பதற்காகவே போனது. 2020 டிராஃப்டில் (அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) டெட்ராய்ட் முதல் ஆளாக எடுத்த பையன், கையெழுத்துப் பணமே 84 லட்சம் டாலர். 2022இல் மேல் அணிக்கு வந்தார், ஹிட் சராசரி 0.203 (பத்து முறைக்கு இரண்டு ஹிட்தான்), கீழே அனுப்பினார்கள். 2023இல் 31 ஹோம் ரன், ஊரே கொண்டாடியது. 2024 ஜூன் தொடக்கத்தில் நான்கே ஹோம் ரன்னோடு மறுபடியும் டோலிடோ.

அன்று எங்களுக்கு ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் இடம். நெஞ்சு உயரத்தில் ஃபாஸ்ட்பால் வரும்போதெல்லாம் மட்டை பந்தின் அடிப்பக்கத்தை உரசும். பந்து நேராக எங்களுக்கு முன்னால் இருந்த வலையில் வந்து மோதும். ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் மைதானத்தைத் தாண்டியிருக்கும் பந்துகள். மூன்றாவது முறை அவுட் ஆனதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் உள்பக்கத்தையே பார்த்தபடி நடந்து போனார். என் ஸ்கோர் அட்டையின் ஓரத்தில் "இப்போதே டிரேட் செய்துவிடுவது நல்லது" என்று எழுதினேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம்பா" என்றாள்.

2025இல் அதே டோர்கல்சன் மறுபடியும் 31 ஹோம் ரன். நான் எழுதியது தப்பு. சரி, தப்பு என்று இப்போது தெரிகிறது. ஆனால் அன்று தெரிந்துகொள்ள வழி இருந்ததா? பொறுத்திருக்க வேண்டிய தடுமாற்றத்தையும் கைகழுவ வேண்டிய தடுமாற்றத்தையும் ஓர் அணி எப்படிப் பிரித்துப் பார்ப்பது? உங்கள் ஊர் அணிகளில் பார்த்ததைச் சொல்லுங்கள்.


ஆப்ஷன் கணக்கு (டாலஸ்)

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மீதிப் பேச்சு அந்தரத்தில் நிற்கும்.

ஒரு வீரரை மேல் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்த்த பிறகு, பொதுவாக மூன்று சீசன்களில் மட்டும்தான் தடையில்லாமல் மைனர் லீகுக்கு அனுப்ப முடியும். இதைத்தான் ஆப்ஷன் என்கிறோம். ஒரே சீசனுக்குள் இரண்டு மூன்று தடவை மேலே கீழே போய் வந்தாலும் ஒரு ஆப்ஷன்தான் கழியும். மூன்றும் தீர்ந்துவிட்டால், அவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் வெய்வரில் போட வேண்டும். மற்ற 29 அணிகளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், உங்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இந்தக் கணக்கு ரகசியமில்லை. எதிரில் உட்கார்ந்து பேரம் பேசுகிறவருக்கும் தெரியும். ஆப்ஷன் தீர்ந்த பையனை விற்க வந்தால், "ஏப்ரல் வரை காத்திருந்தால் சும்மாவே கிடைப்பாரே" என்றுதான் அவர் நினைப்பார். டோர்கல்சனுக்கு 2022, 2024 என்று இரண்டு கழிந்திருந்தன. 2025 வசந்தகால முகாமுக்கு வந்தபோது ஒன்று மீதி இருந்தது. டெட்ராய்ட் அவரைக் கையில் வைத்துக்கொண்டு, அதே சமயம் இன்னொரு வீரரான கிளேபர் டோரஸையும் ஒப்பந்தம் செய்ய முடிந்ததற்கு அந்த மீதி ஒன்றும் ஒரு காரணம். அணிகளின் பொறுமையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.


மழைநகர் (சியாட்டில் பக்கம்)

அண்ணா, அந்த 15 இன்னிங்ஸ் இரவில் நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஜாரட் கெலெனிக் பற்றிச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் எங்கள் ஊர் பட்ட பாடு நிறைய.

2018 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் ஆறாவது ஆளாக எடுத்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் எங்களுடைய ராபின்சன் கனோவையும் எட்வின் டியாஸையும் வாங்குவதற்காக இவரைச் சேர்த்து எங்களிடம் கொடுத்தார்கள். 2021 மே மாதம் மேலே வந்தார். வந்த கொஞ்ச நாளில் தொடர்ந்து 39 முறை ஒரு ஹிட்டும் இல்லை. ஜூனில் கீழே அனுப்பும்போது சராசரி 0.096. அந்த வருடம் 0.181. அடுத்த வருடம் இன்னும் மோசம், 54 ஆட்டங்களில் 0.141.

2023 ஏப்ரலில் மட்டும் வேறு ஆள் மாதிரி அடித்தார். எங்கள் தெருவில் எல்லாரும் அவரைப் பற்றித்தான் பேசினோம். அப்புறம் ஜூலை 19, மினசோட்டா ட்வின்ஸோடு ஆட்டம். நான் மைதானத்தில் இருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர்களுடைய பிட்சர் (பந்து வீசுபவர்) டுரானிடம் ஸ்ட்ரைக் அவுட். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனதை மட்டும் பார்த்தேன். உள்ளே போய்த் தண்ணீர் கூலரை உதைத்தது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். இடது கால் எலும்பு முறிந்தது. நிருபர்கள் முன்னால் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார். அதைப் பார்த்து என் மனைவிக்கும் கண் கலங்கிவிட்டது; அவளுக்கு பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாது.

அந்த டிசம்பரில் அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்தார்கள். கூடவே மார்கோ கோன்சாலஸ், எவன் வைட் இருவருடைய சம்பளச் சுமையையும் தள்ளிவிட்டார்கள். பதிலுக்கு வந்தது ஜாக்சன் கோவரும் கோல் பிலிப்ஸும். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவருடைய மூன்று வருடங்களில் நல்ல வருடம் அதுதான், 0.253. அந்த நேரத்திலா விற்பது என்று.

பின்னால் நடந்ததைப் பாருங்கள். அட்லாண்டாவில் 2024இல் 0.231, 15 ஹோம் ரன். 2025 ஏப்ரலில் 0.167 என்ற நிலையில் கீழே அனுப்பிவிட்டார்கள். நாங்கள் விற்றது அடிமட்டத்தில் இல்லை, மேலே ஏறி நின்ற ஒரு சின்னப் படியில். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நான் பார்க்காத எதையோ பார்த்திருக்கிறார்கள்.


தெற்குப் பக்கம் (சிகாகோ)

எங்கள் வைட் சாக்ஸில் ஆடிய ஆண்ட்ரூ வான். இந்தப் பெயரைச் சொன்னாலே எனக்கு வயிறு எரிகிறது.

2019 டிராஃப்டில் மூன்றாவது ஆள். கல்லூரியில் முதல் பேஸில் நின்றவர். அந்த வருடம் மைனர் லீகில் கொஞ்ச ஆட்டங்கள், 2020இல் கொரோனாவால் மைனர் லீகே நடக்கவில்லை. 2021இல் நேராக மேலே ஏற்றி, லெஃப்ட் ஃபீல்டில் நிறுத்தினோம். கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் அந்தப் பையனுக்குப் பாடமே நடக்கவில்லை, பரீட்சை மட்டும் தினமும் நடந்தது. அவரைச் சுற்றி அணி சரிந்துகொண்டே போனது. 2024இல் 121 தோல்வி. அப்படிப்பட்ட உடைமாற்றும் அறையில் 26 வயதுப் பையன் என்ன திருந்துவான்?

2025 ஜூனில் 0.189இல் இருந்தபோது பிட்சர் ஆரோன் சிவாலேக்காக மில்வாக்கிக்குக் கொடுத்தோம். அவர்கள் அவசரப்படவில்லை. நேராக நாஷ்வில்லுக்கு, டிரிபிள் ஏ (மைனர் லீகின் மேல்படி) அணிக்கு அனுப்பினார்கள். கெட்ட பந்துகளைத் துரத்துவதை நிறுத்து என்பதுதான் பாடம். ரிஸ் ஹாஸ்கின்ஸுக்கு அடிபட்டு இடம் காலியானதும் ஜூலை 7 அன்று மேலே அழைத்தார்கள். மில்வாக்கி சட்டையில் முதல் முறை மட்டை பிடித்து நிற்கிறார். எதிரில் டாட்ஜர்ஸின் பிட்சர் யமமோட்டோ. மூன்று ரன் ஹோம் ரன்! நான் வேலையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன், போனில் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினேன். அவரும் எங்கள் அணிக்காரர்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

கை அதே கை, கண் அதே கண். ஜூன் முதல் வாரத்துக்கும் ஜூலை முதல் வாரத்துக்கும் நடுவில் மாறியது வீடு மட்டும்தான். அதனால் என் கருத்து இது: தடுமாறுகிற பையனை விற்பதற்கு முன்னால் அணி தன்னைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அவனுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்தோம், எத்தனை தடவை மாற்றி மாற்றிச் சொன்னோம் என்று.


எண் சாட்சி (நியூ ஜெர்சி)

எல்லாரும் மன்னியுங்கள், நான் மறுபக்கம் நிற்கிறேன்.

நீங்கள் சொல்கிற கதைகள் எல்லாம் நமக்கு ஏன் நினைவிருக்கின்றன? அந்த வீரர்கள் பின்னால் ஜெயித்ததால். டிரேட் ஆகிப் போய் அங்கேயும் தோற்று, பேஸ்பாலை விட்டே போனவர்களுடைய பெயரை யாரும் இழையில் எழுதுவதில்லை. மழைநகர் அண்ணாவுக்கு டஸ்டின் ஆக்லியைத் தெரியும். 2009 டிராஃப்டில் இரண்டாவது ஆள். சியாட்டில் வருடக்கணக்கில் காத்திருந்தது. 2015 ஜூலையில் யாங்கீஸுக்குக் கொடுக்கும்போது அவருடைய மதிப்பு ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. இரண்டு வருடம் முன்னால் கொடுத்திருந்தால் வேறு விலை.

இன்னொன்று. இளம் வீரருடைய விலையில் பெரிய பகுதி நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை ஒவ்வொரு மாதமும் கரையும். 21 வயதில் 0.200 அடித்தால் "வளர்கிற பையன்" என்பார்கள். 25 வயதில் அதே 0.200 அடித்தால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். ஸ்டேட்காஸ்ட் என்ற அளவீட்டு முறை வந்த பிறகு மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம், மட்டையின் வேகம், எந்தப் பந்தைத் துரத்துகிறார் என்பது எல்லாம் 30 அணிகளின் கையிலும் இருக்கிறது. மறைத்து வைத்து விற்க முடியாது. அதனால் சந்தேகம் வந்த முதல் நாளிலேயே விற்க வேண்டும். பாசம் வைத்தால் நஷ்டம்.

என் பேச்சு கடுமையாக இருக்கலாம். ஆனால் ஓர் அணி ஒரு பையனுக்காக மட்டும் இல்லை. அவனுக்காகக் காத்திருக்கும் இடத்தில் இன்னொருவன் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் வயது ஏறுகிறது.


மூன்று நதி (பிட்ஸ்பர்க்)

எண் சாட்சி தம்பிக்கு: சந்தேகம் வந்ததும் விற்றவர்கள் நாங்கள். என்ன ஆனது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

2018 ஜூலையில் எங்கள் பைரேட்ஸ் தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்தது. அந்த ஜூலை மாதச் சாயங்காலங்களில் கிளெமென்டே பாலத்தின் மேல் நடந்து மைதானத்துக்குப் போவது திருவிழா மாதிரி இருக்கும். பல வருடமாகக் காய்ந்து கிடந்த ஊர். ஜூலை 31, டிரேட் கெடு நாள். டாம்பா பே ரேஸிடமிருந்து பிட்சர் கிறிஸ் ஆர்ச்சரை வாங்கினார்கள். கொடுத்தது டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ். பின்னால் பெயர் சொல்கிறோம் என்று வைத்திருந்த மூன்றாவது ஆள் ஷேன் பாஸ். நான் கை தட்டினேன். உண்மையாகவே தட்டினேன்.

கிளாஸ்னோ ஆறடி எட்டு அங்குலம். கையை நீட்டிப் பந்தை விடும்போது பாதி தூரம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். எங்களிடம் அவருடைய இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 5.79. 2018 முழுக்க ரிலீவராகத்தான் (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து போடுபவர்) ஆடினார். எங்கள் அணியில் அப்போது ஒரு மந்திரம் இருந்தது: பந்தைத் தாழ்வாகப் போடு, தரையில் அடிக்க வை. அது பலருக்குப் பலித்தது. இவர் போன்ற உயரக்காரருக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு முறையும் தாழ்வாகப் போடப் போய், பந்து தவறி, வாக் (இலவசமாக ஒரு பேஸ்) கொடுத்து, தோளைக் குலுக்கிக்கொண்டு நிற்பார்.

ரேஸ் அவரை வாங்கியதும் மறுபடி ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டர் ஆக்கியது. வேகப்பந்தை மேலே போடு, வளைந்து இறங்கும் கர்வை அதே பாதையிலிருந்து கீழே இறக்கு. 2019இல் அடிபடுவதற்கு இடையே ஆடிய 12 ஆட்டங்களில் 1.78. மெடோஸ் அதே வருடம் 33 ஹோம் ரன். ஆர்ச்சர் எங்களுக்கு 2019இல் 5.19.

தம்பி, நீங்கள் சொல்வது போல எண்கள் 30 அணிகளிடமும் இருந்தன. ஆனால் அதே எண்களைப் பார்த்து நாங்கள் "இவரால் முடியவில்லை" என்று படித்தோம், டாம்பா "இவரிடம் தப்பான வேலையைக் கேட்கிறார்கள்" என்று படித்தது.


பிட்சரின் அம்மா (மிசிசாகா)

பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன், நானே வருகிறேன்.

டொராண்டோ ப்ளூ ஜேஸ் பிட்சர் ராய் ஹாலடேயை இங்கே யாரும் சொல்லாதது ஆச்சரியம். டெட்ராய்ட் அண்ணாவுக்கு நினைவிருக்கலாம். 1998 செப்டம்பர் கடைசியில், தன்னுடைய இரண்டாவது ஸ்டார்ட்டிலேயே டைகர்ஸுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் வரை ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. பாபி ஹிகின்சன் ஹோம் ரன் அடித்துக் கலைத்தார். அப்படித் தொடங்கியவர் 2000இல் 67 இன்னிங்ஸுக்கு மேல் பந்து போட்டு 10.64 இஆர்ஏ. பத்துக்கு மேல்! அந்தக் குளிர்காலத்தில் யாராவது ப்ளூ ஜேஸிடம் கேட்டிருந்தால் என்ன விலைக்குக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

விற்கவில்லை. மேலே வைத்து வேடிக்கையும் பார்க்கவில்லை. 2001 வசந்தத்தில் டனீடினுக்கு, சிங்கிள் ஏ வரைக்கும் கீழே இறக்கினார்கள். மெல் குவீன் என்ற பழைய பயிற்சியாளர் அவரை உட்கார வைத்துக் கையின் கோணத்தையே மாற்றினார். நேர் மேலிருந்து பந்து விடுவதை நிறுத்தி, பக்கவாட்டில் சரித்து, பந்து நேராக வராமல் உள்ளே வெளியே நகரும்படி. நேராக வரும் வேகப்பந்துதான் அடி வாங்குகிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஜூலையில் ஹாலடே மேலே திரும்பினார். 2003இல் சை யங், அதாவது வருடத்தின் சிறந்த பிட்சர் விருது. பின்னால் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸில் இன்னொன்று. இப்போது ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அதைப் பார்க்க அவர் இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

என் மகனுக்கு 15 வயது. போன வருடம் அவனுடைய கிளப்பில் ஒரு பயிற்சியாளர் கையை மேலே தூக்கு என்றார், இரண்டு மாதத்தில் அடுத்தவர் வந்து கீழே இறக்கு என்றார். பையன் ராத்திரி குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, பந்து இல்லாமல் கையை மட்டும் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "எதும்மா என் கை?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. கிளப்பை மாற்றினோம். புது இடத்தில் முதல் மூன்று வாரம் ஒருவரும் அவன் கையைத் தொடவில்லை, வீடியோ மட்டும் எடுத்தார்கள். இடம் மாற்றுவது தண்டனை என்று நான் நினைக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் மருந்து. ஹாலடே மாதிரிச் சிலருக்கு, அதே வீட்டுக்குள் கீழ்ப்படிக்கு இறங்கி வந்து உட்கார ஒருவர் வேண்டும்.


எண் சாட்சி (நியூ ஜெர்சி)

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். மூன்று நதி சார் சொன்னதும் சரிதான், பைரேட்ஸ் எண்களைத் தப்பாகப் படித்தது. "சந்தேகம் வந்த முதல் நாளிலேயே" என்று நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் முழுசாக விட மாட்டேன். ஹாலடே கதையில் மெல் குவீன் இருந்தார். அவர் இல்லாத அணி என்ன செய்யும்? நம்பிக்கையோடு காத்திருக்கும், அவ்வளவுதான். திட்டம் இல்லாமல் காத்திருப்பது பொறுமை ஆகாது. பால்டிமோர் ஆரியோல்ஸைப் பாருங்கள். பிட்சர் ஜேக் ஆரியேட்டாவை நான்கு வருடம் ஏற்றி இறக்கி, உடம்புக்குக் குறுக்கே கை வரும் அவருடைய இயல்பான வீச்சை மாற்றப் பார்த்து, இஆர்ஏ 5.46. 2013 ஜூலையில், சில மாதங்களில் ஒப்பந்தம் முடியப்போகிற ஸ்காட் ஃபெல்ட்மனுக்காக அவரையும் பெட்ரோ ஸ்ட்ராப்பையும் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் பிளே ஆஃப்பும் கிடைக்கவில்லை, ஃபெல்ட்மனும் போய்விட்டார். கப்ஸ் ஆரியேட்டாவை அவர் பாட்டுக்கு வீச விட்டது. 2015இல் 22 வெற்றி, 1.77, சை யங்.

இதை விற்றது தப்பு என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. பால்டிமோரிலேயே இருந்திருந்தால் அவர் அப்படி ஆகியிருக்க மாட்டார். விற்றது சரி, விலைதான் தப்பு. தங்களால் முடியாது என்பதை இரண்டு வருடம் முன்னாலேயே ஒத்துக்கொண்டிருந்தால் நல்ல விலை வந்திருக்கும்.


பர்பெக்யூ நகரம் (கான்சாஸ் சிட்டி)

எங்கள் அலெக்ஸ் கோர்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005இல் இரண்டாவது ஆள், மூன்றாவது பேஸில் எங்கள் ஊர் ஜாம்பவான் ஜார்ஜ் பிரெட்டின் அடுத்த அவதாரம் என்று தூக்கி வைத்தார்கள். சுமை தாங்கவில்லை. 2010இல் ஓமஹா மைனர் லீக் அணிக்கு அனுப்பி, மூன்றாவது பேஸை மறந்துவிடு, லெஃப்ட் ஃபீல்ட் கற்றுக்கொள் என்றார்கள். 2011இல் 0.303, 23 ஹோம் ரன், சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருது. அதையும் சேர்த்து மொத்தம் எட்டு கோல்ட் கிளவ். 2015 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் மெட்ஸின் பிட்சர் ஃபமீலியாவை அடித்துச் சமன் செய்தாரே, அந்த இரவு எங்கள் வீட்டுக் கூரை போயிற்று.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2010இல் நாங்கள் 95 ஆட்டம் தோற்ற அணி. காத்திருப்பதில் எங்களுக்கு நஷ்டமே இல்லை. பட்டத்துக்குப் போட்டியில் இருக்கும் அணி அதே பையனுக்கு ஒரு வருடம் ஒதுக்க முடியாது. அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது.


காமெரிகா மூலை (டிராய், மிச்சிகன்)

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முழுவதையும் இரண்டு தடவை படித்தேன்.

எனக்கு இப்போது படுவது இது. 2024 ஜூலையில் நான் ஸ்கோர் அட்டையில் எழுதியதற்குக் காரணம் டோர்கல்சனுடைய ஆட்டம் இல்லை, என்னுடைய சலிப்பு. எனக்கு அலுத்துப்போயிருந்தது. மேலே வந்த ஃபாஸ்ட்பாலை அவர் அடியில் உரசுகிறார் என்பது என் கண்ணுக்கே தெரிந்தது. என்ன கோளாறு என்று பெயர் சொல்ல முடிகிற தடுமாற்றம் அது. அப்படிப் பெயர் சொல்ல முடிந்தால், அதைச் சரி செய்ய வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் அடுத்த கேள்வி. ஆள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆப்ஷன் இருக்கும் வரை. கோளாறு தெரிந்தும் ஆள் இல்லை என்றால், அன்றைக்கே, விலை இருக்கும்போதே, தெரிந்த ஓர் அணிக்கு நல்ல மனதோடு கொடுத்துவிட வேண்டும். எண் சாட்சி தம்பி ஆரியேட்டாவைப் பற்றிச் சொன்னது எனக்கு முழுக்கச் சம்மதம்.

ரொம்பக் கஷ்டமானது மூன்றாவது வகை. என்ன கோளாறு என்றே யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு மாதமும் ஒரு புதுக் காரணம் சொல்கிறார்கள். 2022 கடைசியில் கெலெனிக் 0.141இல் இருந்தாரே, அந்தக் குளிர்காலத்தில் நீங்கள் பொறுப்பில் இருந்தால் விற்றிருப்பீர்களா, மழைநகர்? உண்மையாகச் சொல்லுங்கள்.


ஆப்ஷன் கணக்கு (டாலஸ்)

அவர் பதில் எழுதும் வரை ஒரு குறிப்பு. ஆப்ஷன் தீர்ந்த பிறகும் காத்திருந்து பலன் கண்டதும் உண்டு. ஏஞ்சல்ஸின் ஜோ அடெல். 2017இல் பத்தாவது ஆள். 2020 ஆகஸ்டில் இங்கே ஆர்லிங்டனில் அவர் கையுறையில் பட்ட பந்து எகிறி வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்து, பிழையிலேயே நான்கு பேஸ் போனது. அந்த வீடியோவைப் பார்க்காதவர் இல்லை. அந்த வருடம் சராசரி 0.161. 2024க்கு வரும்போது ஆப்ஷன் ஒன்றும் இல்லை. ஏஞ்சல்ஸ் தினமும் ஆட விட்டது. 20 ஹோம் ரன், ஆனால் 0.207. 2025இல் 37 ஹோம் ரன். பர்பெக்யூ நகரம் சொன்னதுதான் இங்கேயும்: தோற்கிற அணி, இழக்க எதுவும் இல்லை, தினமும் ஆட இடம் இருந்தது. கடிகாரம் நின்றுவிட்டது என்பதற்காகப் பையன் நின்றுவிட வேண்டியதில்லை.


மழைநகர் (சியாட்டில் பக்கம்)

அண்ணா, நேர்மையாகச் சொல்கிறேன். 2022 கடைசியில் விற்றிருக்க மாட்டேன். 0.141க்கு என்ன கிடைக்கும் என்பது ஒரு பக்கம். அந்தக் குளிர்காலத்தில் அவர் மட்டை வீச்சையே மாற்றிக்கொண்டிருந்தார், அதன் பலனைப் பார்க்காமல் கொடுக்க மனம் வராது. ஏப்ரலில் பலனும் தெரிந்தது.

2023 டிசம்பர் பற்றி இவ்வளவு நாள் எனக்குக் குழப்பம் இருந்தது. நீங்கள் சொன்ன மூன்றாவது வகை என்று படித்ததும்தான் புரிந்தது. மே மாதத்திலிருந்து அவருடைய அடி மறுபடி குறைந்துகொண்டே வந்தது. அதற்கு எங்கள் ஊர் வானொலியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இடது கைப் பிட்சர் என்றார் ஒருவர், மெதுவான பந்து என்றார் இன்னொருவர், மனசு என்றார் மூன்றாமவர். அந்தக் கூலரை உதைத்த கால், கோளாறு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை என்பதைத்தான் எனக்குச் சொல்கிறது. நான் பொறுப்பில் இருந்திருந்தால் இன்னொரு வருடம் வைத்துக்கொண்டிருப்பேன். அது தப்பாகத்தான் போயிருக்கும்.

ஆனால் 2025 ஏப்ரலில் அட்லாண்டா அவரைக் கீழே அனுப்பியது என்று படித்தபோது, நாம் தப்பித்தோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் இங்கே போட்டிருந்த 10ஆம் எண் சட்டை ஒன்று வீட்டில் இருக்கிறது. 2021இல் பெரியவன் ஆசைப்பட்டான் என்று வாங்கியது. அவனுக்குச் சின்னதாகிவிட்டது, இப்போது சின்னவன் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். கெலெனிக் யார் என்று போன வாரம் கேட்டான். ரொம்ப வேகமாக அடிக்கக்கூடிய ஒருவர், இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன்.